உத்தரத்துப் பட்டையைச் சீவியவன் எழுதுவது

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீ வேலை பார்க்கும் வீட்டில் போனில் பேச உனக்கு அனுமதி இல்லாததால் தாளில் எழுதுகிறேன்.

நாம் குடியிருக்கும் இந்த வீட்டை இடித்துவிட்டு வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் கட்டப்போகிறாராம். நாலு குடும்பம் எங்கே போகும் என்றால், "அது என் தலைவலியா?" என்கிறார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழைய வீடு என்று நிரூபித்தால் இடிக்கக் கூடாதாம். மனுஷர் இருப்பதால் அல்ல, மரம் பழசு என்பதால்! சரி, தொலையட்டும் என்று மனுப் போட்டோம். உத்தரத்தில் துளை போட்டு, வளையங்களை எண்ணி, எந்த வருஷம் வெட்டிய மரம் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர் வருவதாகத் தகவல் வந்தது. படித்தவர் வருகிறாரே, கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டும் என்று மாடித் தையல்காரர் ஏணியைப் பிடிக்க, நான் ஏறி உத்தரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டேன். வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"யாரு பண்ணது இது?"

"நான்தாங்க," என்றேன், பெருமையாக.

"மரத்தோட கடைசி வருஷம் பட்டைக்கு அடியிலதாங்க இருக்கும். அதைத்தான் வழிச்சு எறிஞ்சிருக்கீங்க."

மிஞ்சிய கடைசி வளையம் சட்டம் சொல்லும் வருஷத்துக்கு ஆறு வருஷம் முந்தியது. நான் சீவியது ரெண்டு வளையம் என்றால் வீடு தப்பும், இருபது என்றால் போச்சு; எது என்று யாருக்குத் தெரியும்? "மாப்பிள்ளைக்குச் சவரம் பண்றேன்னு கழுத்தையே அறுத்துட்டியேடா," என்றார் தையல்காரர். துளைத்தெடுத்த பென்சில் கனக் குச்சியில் மெல்லிய வளையங்களைக் காட்டி, மழை இல்லாத வருஷங்கள் என்றார் ஆராய்ச்சியாளர். அம்மாவைத் துளைத்துப் பார்த்தால் நீ போன ஏழு வருஷமும் அப்படித்தான் இருக்கும் அக்கா.

ஆகவே லீவு போட்டு உடனே வா. வீடு போவதற்குள் ஒருதரமாவது இந்தக் கூரைக்கடியில் மூணு பேரும் உட்கார்ந்து சாப்பிடணும்.

அம்மா நிறைய ஆசி சொன்னாள். பாதி அழுகையில் போய்விட்டது, மீதியை அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத தம்பி

பின்குறிப்பு: கடிதம் ஒரு வாரமாகச் சட்டைப்பையில் கிடந்தது. அதற்குள் ஆராய்ச்சியாளர் திரும்பி வந்து, "இந்த ரூம் ஏன் பூட்டியிருக்கு?" என்றார். உன் ரூம். நீ வந்துதான் திறக்கணும் என்று அம்மா யாரையும் விடுவதில்லை. அன்று அவளே திறந்தாள். அங்கே உத்தரம் பட்டையோடு இருந்தது. சட்டம் சொல்லும் வருஷத்துக்கு நாலு வருஷம் முன்னாடியே வெட்டிய மரம்! வீட்டை இடிக்க முடியாது. இந்தத் துண்டை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு, மேலே இருப்பதை உன் முதலாளியம்மாவிடம் காட்டு. வீடு இடிகிறது என்றால் லீவு கொடுப்பாள். வீடு நிற்கிறது, வரச் சொல்கிறார்கள் என்றால் எவள் கொடுப்பாள்?