லென்ஸ் அண்ணாச்சியின் மீன் துட்டு

உங்களுக்கு வேறு சோலியே கிடையாதா? போனில் ராஜா காலத்துத் துட்டு விற்கிறார்களாம், அசலா கள்ளமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் வந்து கேட்கிறீர்கள். நான் மூணாங்கிளாஸிலிருந்து பாதியில் எழுந்து வந்தவள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? ராஜா வந்து திருப்பிக் கேட்கவா போகிறார்? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் நான் சொல்லும் ஆளின் காதுக்கு இது போகக் கூடாது. நீங்கள் பத்திரிகையில் போட்டாலும் அது வழியாகப் போகாது. அச்சில் வருவது பூராவும் பொய் என்பது அவர் கட்சி.

எங்கள் மேலகரத்தில் அவரைப்போல் சந்தேகப்பட இன்னொரு ஆள் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அந்தப் பிறப்புச் சான்றிதழை இவர் நம்பியிருக்க மாட்டார். பெயர் லென்ஸ் அண்ணாச்சி. குற்றாலம் ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் சொன்னால், சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கடையைத் திறப்பார். கல்யாண வீட்டில் எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருக்க, இவர் லென்ஸை எடுத்து இலைக்கு நேரே பிடிப்பார்.

"ஏலே, இது முந்திரியா, நெலக்கடலையா?"

பொண்ணு வீட்டுக்காரன் முகம் செத்துப்போகும். என்ன செய்ய, நிலக்கடலைதான்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பழைய துட்டுப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவர் பெண்டாட்டி பூரணம். என் கூட்டாளி. கல்யாணமான புதுசில் நானும் அவளும் மெயினருவிக்குக் குளிக்கப் போனோம். சாரல் நேரம், எழுந்து வர மனசில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவளுக்குப் புருஷன் ஞாபகம் வந்தது.

"யக்கா, இவ்வளவு நேரம் எங்கன போனேன்னு ஆயிரம் கேள்வி கேப்பாவளே."

சங்கு, பாசிமணி விற்கிற கடையில் ஒரு தட்டு நிறைய, ராஜா காலத்துத் துட்டு மாதிரி மீன் படம் போட்ட செப்புத் துட்டு கிடந்தது. ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டு வாசலில் அவர் நின்றார். வாயைத் திறக்குமுன் துட்டை நீட்டினாள்.

"அருவிக்குக் கீழ சித்தாத்துல கெடந்துச்சு. பாறை இடுக்குலேருந்து எடுக்க நேரமாயிட்டு."

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் ஆயுசிலேயே கேள்வி கேட்காத நாள் அது ஒன்றுதான். அந்தத் துட்டு அவள் குங்குமச் சிமிழுக்குள் போனது. அவள் தவறிப்போன பிறகும் அதிலேயே இருக்கிறது. உலகத்தையே லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர், அதன் மேல் மட்டும் வைத்ததில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை.

பூரணம் போனபின் கையில் செல்போன் வந்தது. அதில் துட்டு வியாபாரிகள் வந்தார்கள். வியாபாரிகளுக்குச் சனியன் பிடித்தது. விற்கிறவன் எவனும் 'வயலில் உழும்போது கிடைத்தது' என்றுதான் போடுவானாம். "நாட்டுல ஒருத்தனும் நெல்லுக்கு உழலையா?" என்பார். ஒரே படத்தை மூன்று பேர் மூன்று பெயரில் போட்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். பிறகு போன் போடுவார், தெருவுக்கே கேட்கிறமாதிரி.

"தம்பி, இது எந்த ராஜா காலத்துத் துட்டு?"

"உங்களுக்கு எந்த ராஜா வேணும் சார்?"

ஒருநாள் எதிர்வீட்டுச் செல்வி ஓடி வந்தாள். "ஆச்சி, லென்ஸ் அண்ணாச்சி பேன்சி ஸ்டோர்ல நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணி வாங்குதாவ. அந்த வீட்டுல பொம்பள யாரு இருக்கா?"

அதானே? பூரணத்தின் கூட்டாளி என்ற முறையில் எனக்குப் பொறுப்பு இருக்கிறதல்லவா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மனுஷன் பஞ்சை அந்தத் தண்ணியில் நனைத்து ஒரு துட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சு பச்சையாகிவிட்டது. அவருக்கு நான் மைனி முறை, என் தலையைப் பார்த்ததும் பஞ்சைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியளா மைனி, ஆயிரம் வருசத்துப் பாசி ஒரே துடைப்புல போயிட்டு. பெயிண்டு."

அப்புறம் எங்கள் தெருவுக்கே வகுப்பெடுத்தார். ஓரத்தைச் சுற்றிக் கோடு ஓடினால் கள்ளம், இரண்டு பாதி அச்சைச் சேர்த்து, செம்பை உருக்கி ஊற்றினது. முகத்தில் தோசைக்கு விழுவதுபோல் பொடி ஓட்டை இருந்தாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு துட்டாகச் சுத்தியலால் அடித்தார்களாம், ஒன்றைப்போல் ஒன்று இருக்காதாம். இரண்டு துட்டில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் டூப்பு. இதை அவர் சொல்லிச் சொல்லி, செல்வி இட்லியைக்கூட ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

போன சாரலில் ஒரு பார்சல் வந்தது. பிரிப்பதை வீடியோ எடுக்க என்னைக் கூப்பிட்டார். தம்பிடி நம்பிக்கை கிடையாது, கள்ளம் என்று தெரிந்தால் ஆதாரம் வேண்டும். செல்வி தானாகவே வந்து நின்றாள். உள்ளே மீன் போட்ட செப்புத் துட்டு. லென்ஸை வைத்தார். "வால் பக்கத்துல ஒரு கீறல். கீறலுக்குக் கீழ ஒரு குழி" என்று வீடியோவுக்குச் சொன்னவர், சட்டென்று நிறுத்திவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. சங்குக் கடைத் தட்டில் கிடந்த துட்டு அத்தனைக்கும் வாலில் அந்தக் கீறல் இருந்ததே.

உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செல்விக்கு வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டுலயும் ஒரே கீறல்லா இருக்கு அண்ணாச்சி. அப்ப ரெண்டும் டூப்புதான? நீங்கதான சொல்லுவிய?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மைனி, அன்னைக்கு நீங்க கூட இருந்திய."

"இருந்தேன்."

"எந்த அருவி?"

"மெயினருவி. பொம்பளைய குளிக்கிற பக்கம்."

"தண்ணி விழுத எடத்துலயா, ஓடுத எடத்துலயா?"

"ஓடுத எடத்துல. பாறை இடுக்குல."

"கூட்டம்?"

"சாரல்ல கூட்டத்துக்கு என்ன கொறை."

"அவ்வளவு கூட்டத்துல ஒருத்தர் கண்ணுலயும் படாத துட்டு, அவ கண்ணுல மட்டும் எப்படிப் பட்டுச்சு?"

வக்கீலெல்லாம் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆனாலும் கொழுந்தன் முறைக்காரர் அல்லவா, விடுவேனா?

"அவ கண்ணு அப்படி கொழுந்தனாரே. ஒருத்தர் கண்ணுலயும் படாத ஒங்களையே அவதான பொறுக்கி எடுத்தா?"

அவர் பூரணத்தின் துட்டை எடுத்துச் சிமிழுக்குள் வைத்து மூடினார்.

"அப்ப இந்தக் களவாணிப் பய நம்ம வீட்டுத் துட்டுலதான் அச்சு எடுத்திருக்கான்."

"சிமிழுக்குள்ள இருக்கதுல எப்படி அண்ணாச்சி அச்சு எடுப்பான்?" என்றாள் செல்வி.

"அதத்தான் நானும் யோசிக்கேன்." மெல்ல அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஏட்டி, போன தீவாளிக்கு நீ முறுக்கு குடுக்க வாரேன்னு வீட்டுக்குள்ள வந்தேல்லா?"

செல்வி அன்றைக்குப் போனவள், ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர் துட்டுக்காரனுக்குப் போன் போட்டார். "எம் பொண்டாட்டி துட்டத் தொட்ட கை எதுலே?" என்று சத்தம். அவன் பாவம், பயந்துபோய், "சார், வேணும்னா வேற ராஜா அனுப்பட்டுமா?" என்றான்.

சிமிழை உள்ளே வைக்க எழுந்தவர், மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரையைத் தடவினார். அப்போதுதான் கவனித்தேன். புதுத் துட்டை லென்ஸ் வைத்துப் பார்த்த மனுஷன், பூரணத்தின் துட்டைப் பார்க்கும்போது லென்ஸையும் ஓரமாக வைத்திருக்கிறார், கண்ணாடியையும் கழற்றி வைத்திருக்கிறார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கிற மாடுகூட அவருக்குத் தெரியாது. நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் குழாயடியில் எல்லாப் பொம்பளைகளும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஆச்சி, உண்மையச் சொல்லுங்க, அது ஆத்துல எடுத்ததுதானா?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன். "ஆத்துல எடுத்ததுதான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். சந்தேகம் இருந்தா எங்கிட்ட எத்தன தடவ வேணாலும் கேளுங்க. அவருகிட்ட மட்டும் கேக்காதிய."