தீர்ந்து போன பெயர்கள்

உலகத்தில் பஞ்சம் பலவகை. அரிசிப் பஞ்சம், துணிப் பஞ்சம், உப்புப் பஞ்சம் எல்லாம் ஜப்பான்காரன் காலத்தில் ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் அனைத்திலும் சமமாகவே விநியோகிக்கப்பட்டன. ஆனால் பெண்பிள்ளைகளுக்குப் பெயர்ப் பஞ்சம் வந்த பெருமை ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் உண்டு. அதற்குக் காரணம் மாரியம்மன்.

அந்தத் தோட்டத்தில் அம்மை கண்டு பிழைத்தவள், பிள்ளை வரம் கேட்டவள் எல்லாரும் ஆத்தாளுக்கு ஒரே நேர்த்திக்கடன்தான் வைத்தார்கள்: பெண் பிறந்தால் மாரியம்மா. குட்டை மாரி, பல்லு மாரி, மேட்டு லயத்து மாரி, அழுமூஞ்சி மாரி என்று அடைமொழி வைத்து ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஒருத்திக்கும் குழப்பமில்லை.

குழப்பம் ஜப்பான் அதிகாரிக்கு வந்தது. பிள்ளைகளுக்குரிய அரிசிப் பங்கு போடும் நாளில் அவர் வந்து நின்றார். தோட்டத்துக் கணக்கெழுதும் இராஜமாணிக்கம் கிராணி "மாரியம்மா!" என்று கூப்பிட, பாதி வரிசை அப்படியே முன்னால் நகர்ந்தது. அதிகாரியின் கை கத்திப் பிடிக்குப் போனது. யாரோ ஒரே பொம்பளை பல உருவம் எடுத்து வந்து பேரரசின் அரிசியைக் கொள்ளையடிக்கிறாள் என்று அவர் தீர விசாரிக்காமலே கண்டுபிடித்தார். அன்றே உத்தரவு பிறந்தது: ஒரு பெயர், ஒரு பிள்ளை. பெயர் இல்லாத பிள்ளைக்கு அரிசி இல்லை.

வள்ளிநாயகிக்குத் தலையில் இடி விழுந்தது. புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைக்குழந்தையோ பால் பற்றாமல் வீறிட்டு அழுகிறது. மரவள்ளிக்கிழங்கையே தின்கிறவளுக்குப் பால் எங்கிருந்து ஊறும்? அந்த ஒரு பங்கு அரிசிதான் அவளுடைய நம்பிக்கை முழுவதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

"பேரு?" என்றார் கிராணி. இப்போது அவர் வெறும் கிராணி அல்ல. பெயர் ஒழுங்கு மேற்பார்வையாளர்.

"மாரியம்மாங்க. ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

"கூடாது."

"மாரியாயி?"

"அது அவளோட தங்கச்சி. கூடாது."

"லெட்சுமி?"

"போன வாரமே தீர்ந்து போச்சு."

"மயிலம்மாள்?"

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. வேலை வாங்குற மண்டோர் மகளுக்குப் போயிருச்சு."

"பேரு என்ன கருவாடாய்யா, தீர்ந்து போக?"

"சட்டம் பேசாத லா. யாருமே வைக்காத பேரா ஒண்ணு சொல்லு."

"யாருமே வைக்கலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்குமில்ல?"

கிராணி கண்ணை மூடினார். அவருக்குக் கொஞ்சம் சமஸ்கிருதம் வரும். சரியாகச் சொன்னால், அவருக்கு வரும் என்று அவர் நினைத்தார். "விசித்திர குந்தளாம்பிகை," என்று அருளினார்.

"இது பேரா, சீக்கா?"

"அரிசி வேணுமா, வேணாமா?"

வேணும். வள்ளிநாயகி அதை முணுமுணுத்தபடியே லயத்து வீட்டுக்கு நடந்தாள். வழியில் ஒருத்தி குசலம் விசாரித்தாள்; பதில் சொல்லி முடிப்பதற்குள் குந்தளத்தைக் காணோம். வாசற்படி ஏறும்போது விசித்திரம் மட்டும்தான் மிச்சம். போகட்டும் என்று பிள்ளையை எடுத்து, "என் மாரித்தங்கம்" என்று கொஞ்சினாள்.

ஆனால் மற்றவர்களுக்கு இந்த நாகரிகம் தலைக்கேறிவிட்டது. யாரிடமும் இல்லாத பெயர் என்றால் சும்மாவா! நவநீத புஷ்பலதா வந்தாள். அதிரூப ஜெகன்மோகினி வந்தாள். குழாயடியில், "எம்மக பேரு உம்மக பேரைவிட நீளம்டி" என்று சண்டையே நடந்தது. கிராணி சும்மா இருப்பாரா? ஊருக்கே பெயர் வழங்கும் வள்ளல், தன் மகளின் மாரியம்மாவைக் கழற்றிவிட்டு சர்வாலங்கார சந்திரிகாபரணி என்று மாட்டினார். அவர் சம்சாரம் மங்கம்மா அதைச் சொல்லிப் பார்த்து, மூச்சு வாங்கி, விட்டுவிட்டாள்.

அடுத்த பங்கு நாள் வந்தது. அதிகாரி கத்தியோடு நின்றார். கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதிரூப ஜெகன்மோகினி!" என்றார்.

ஒரு ஈ காக்கைகூட நகரவில்லை. குழாயடியில் சண்டை போட்டவள்கூட அடுத்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நவநீத புஷ்பலதா!"

மறுபடியும் நிசப்தம். அதிகாரி ஏதோ உறுமினார். கிராணியின் முகம் வெளுத்தது. "ஆள் இல்லைன்னா அரிசி தேவையில்லைன்னு அர்த்தமாம். மூட்டையைத் திருப்பி லாரியில ஏத்தச் சொல்றாரு."

வள்ளிநாயகி லாரியைப் பார்த்தாள். கண்ணெதிரே அரிசி போகிறது! யார் பெயர், எவள் பெயர் என்று யோசிக்க அவளால் முடியவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க."

அது அவள் பிள்ளையின் பெயர் அல்ல என்று கிராணிக்குத் தெரியும். லாரி போய்விட்டால் தன் கதி என்ன என்பதும் தெரியும். அளந்து போட்டார். அடுத்த பெயருக்கும் மௌனம். "அதுவும் நாந்தாங்க." மற்றவர்களுக்குக் கத்தியைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. இவள் போனாள், வந்தாள், போனாள், வந்தாள். அதிகாரி ஒவ்வொரு தடவையும் திருப்தியாகத் தலையசைத்தார். பெயர் வேறு, ஆகவே ஆளும் வேறு. தோட்டத்தில் இப்போதுதான் ஒழுங்கு வந்திருக்கிறது!

"சர்வாலங்கார சந்திரிகாபரணி!" என்று கிராணி கத்தினார். பயத்தில் அவருக்கு அது யாரென்றே உறைக்கவில்லை. வரிசையில் நின்ற மங்கம்மாவும் வேடிக்கைதான் பார்த்தாள். அந்தப் பங்கையும் தன் கையாலேயே வள்ளிநாயகியின் முந்தானையில் அவர் கொட்டினார்.

லயத்தில் பொம்பளைகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். வள்ளிநாயகி நல்லவள். குட்டை மாரிக்கு, பல்லு மாரிக்கு, அழுமூஞ்சி மாரிக்கு என்று ஒருத்தி விடாமல் அளந்து கொடுத்தாள். எவளிடமும் பெயர் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கிராணி வந்தார், மங்கம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு.

"எம்புள்ள பங்கு உங்கிட்ட வந்துருச்சு போல, வள்ளி."

"அப்படியாங்க? புள்ள பேரு?"

கிராணி வாயைத் திறந்தார். சர்வ என்றார். சந்திர என்றார். நெற்றியைத் தடவினார். ஒன்றும் ஓடவில்லை.

"பேரு இல்லாத புள்ளைக்கு அரிசி இல்லையேய்யா."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெரிசா பேசுறியே, உன் மக பேரை நீ சொல்லு பாப்போம்!"

"நான் ஏன்யா சொல்லணும்?" என்றாள் வள்ளிநாயகி. "அரிசி எங்கிட்டதானே இருக்கு."

கிராணி கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, ஜப்பான் அதிகாரிக்குக் குனிவது போலவே, இடுப்பு வளையக் குனிந்தார். அப்புறம்தான் அவள் அரிசி அளக்கச் சிரட்டையை எடுத்தாள்.