கிளட்ச் இல்லாத வேண்டுதல்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. வீடியோ கேம் ஆட ஒரு ஸ்டியரிங் வாங்கணும்.

இது நடந்தது ரெண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்குல. டிவியில மாட்டி கார் ரேஸ் ஆடுற பெட்டி ஒண்ணு எங்க வீட்ல இருந்துச்சு. எனக்கு அப்ப வயசு முப்பத்தஞ்சு. மாட வீதி பக்கம் ஜெராக்ஸ் கடை. "இந்த வயசுல இது தேவையா?"னு நீங்க கேப்பீங்க. எங்க மாமனார் வீட்லயும் கேப்பாங்க. அதனாலதான் அது கடைக்கு வாங்கின கம்ப்யூட்டர்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.

பிரச்சினை பெட்டி இல்ல. என் பொண்டாட்டி செல்வி.

ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க ரெண்டு பேரும் ரேஸ் விடுவோம். தோக்குறவங்க அன்னைக்கு சமையல். பெட்டி வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமை சமையல் நான்தான். அவ வேர்க்கடலைய மென்னுக்கிட்டே, தோள்பட்டையில போனை இடுக்கிக்கிட்டு அவங்க அம்மாகிட்ட பேசிக்கிட்டே ஜெயிப்பா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, மூச்சைப் புடிச்சுக்கிட்டுத் தோப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாம சொல்லிட்டேன்: "ஜாய்ஸ்டிக்ல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? நெஜமா வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஸ்டியரிங் வேணும்!"

நான் நெஜமா ஓட்டுற வண்டி மொபெட். அதுக்கு ஏது ஸ்டியரிங்? அத அவ கேக்கல. பெருந்தன்மை.

"சரிங்க. ஸ்டியரிங் வாங்கிக்கிட்டு வாங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஜெயிச்சுட்டீங்கன்னா, இனிமே சமையல் பக்கமே வர வேணாம். தோத்தீங்கன்னா, ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை சமையல் உங்களது. ஆட வரலைன்னாலும் தோத்த கணக்குதான்."

"சரி!"ன்னேன். ஆம்பள இல்லையா!

மொதல்ல பஜாருக்குப் போனேன். கடைக்காரர் ஒரு செவப்பு ஸ்டியரிங்க எடுத்து வெச்சாரு.

"சார், ஹாரன் அடிக்கும். லைட் எரியும். பாட்டு கூட பாடும்."

"கார் திரும்புமா?"

"அது உங்க பெட்டியப் பொறுத்துது சார்."

அடியில ரப்பர் குமிழ் இருந்துச்சு, மேஜையில ஒட்டிக்குமாம். ஒட்டினாரு. நான் லேசாத் திருப்பினேன். ஸ்டியரிங் என் கையோடயே வந்துடுச்சு. "அவ்ளோ வேகமாத் திருப்பக் கூடாது சார்"ன்னாரு. ரேஸ் ஸ்டியரிங்க ரேஸ் மாதிரி திருப்பக் கூடாதாம்!

அப்பதான் ஒரு சேதி வந்துச்சு. செங்கம் ரோட்டுல, ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி பண்ணுறாராம். சாமானெல்லாம் விக்கிறாராம். அதுல ஒரு ஸ்டியரிங்கும் இருக்காம். தன்னைத் தேடி இவ்ளோ தூரம் வந்தவரு, தேடின நேரம் போக மீதி நேரத்துல கார் ரேஸ் விட்டிருக்காரு.

அவரு ஞாயித்துக்கிழமை காலையில கெளம்புறாரு. அதனால சனிக்கிழமையே போயாகணும். சனிக்கிழமை பௌர்ணமி.

பௌர்ணமின்னா செங்கம் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க. மொபெட்ட கடையில விட்டுட்டு சாயங்காலமா நடந்தேன். கூட்டம் மொத்தமும் கிரிவலம் போற பக்கம்தான் நானும் போறேன். கால எடுத்து வெச்சா போதும், மீதிய ஜனம் பாத்துக்கும். 'ஆகா, என்ன சுலபம்!'னு நெனச்சேன். திரும்பி வரணும்கிறத மட்டும் யோசிக்கல.

அவரு ரூம்ல காட்டின ஸ்டியரிங் அருமை! தோல் சுத்தினது. மேஜையில திருகி முடுக்கிட்டா யானை இழுத்தாலும் வராது. காலுக்குத் தனியா ரெண்டு பெடல். ஒயர் நீளமானு கேட்டேன், ஏன்னா எங்க வீட்ல டிவி ஒரு மூலை, சோபா ஒரு மூலை. நல்ல நீளம். விலைதான் ஜாஸ்தி. உலகத்துப் பற்றையெல்லாம் விட்ட மனுஷன், விலையை மட்டும் விட மாட்டேன்னுட்டாரு. அட்டைப்பெட்டியும் இல்ல, பையும் இல்ல. நெத்தி நெறைய விபூதியோட என்னைப் பாத்து, "இன்னைக்கு பௌர்ணமியாச்சே, நீங்க மலை சுத்தலையா?"னு வேற கேட்டாரு.

ஒயர தோள்ல சுத்திக்கிட்டு, பெடல கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். வீடு ரெண்டு கிலோமீட்டர். ஆனா எதிர்த்திசை.

"சார், எதிர்ல வராதீங்க!"

"யோவ், வலமாப் போய்யா!"

"அண்ணே, வண்டி எங்கண்ணே? போலீஸ் புடுங்கிக்கிச்சா?"

அப்படியே ஓரமா ஒண்டி ஒண்டி வர்றேன். திடீர்னு ஒரு குரல்.

"மாப்ள!"

எங்க அத்தை. செல்வியோட அம்மா. பக்கத்துல மாமா. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வேன் புடிச்சு, ஊர்க்காரங்களோட கிரிவலம் வந்திருக்காங்க.

"என்ன மாப்ள, எதிர்ல வர்றீங்க?"

"உங்களத்தான் தேடிக்கிட்டு வர்றேன் அத்தை."

இப்படி ஒரு பொய் எனக்குள்ள எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல.

அத்தைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மலையடியிலயே குடியிருந்தும் மாப்ள ஒரு தடவ கூட மலை சுத்தினதில்லன்னு அவங்களுக்குப் பல வருஷத்துக் கொற. அப்புறம் என் கையப் பாத்தாங்க.

"இது என்ன மாப்ள?"

நான் வாயைத் தெறக்குறதுக்குள்ள அத்தையே ஸ்டியரிங்கப் பாத்தாங்க, மலையப் பாத்தாங்க, மறுபடி என்னைப் பாத்தாங்க.

"வேண்டுதலா?"

என் தலை தானா ஆடிடுச்சு. மேலயும் கீழயும்.

அவ்ளோதான்! அத்தை ஊர்க்காரங்க பக்கம் திரும்பிட்டாங்க. "வீடு வேணும்னா வழியில கல்லை அடுக்குறாங்க இல்ல? புள்ள வேணும்னா தொட்டில் கட்டுறாங்க இல்ல? எங்க மாப்ள கார் வேணும்னு ஸ்டியரிங்க ஏந்திக்கிட்டு மலை சுத்துறாரு!"

மாமா டிராக்டர் ஓட்டுறவரு. பெடல வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது பிரேக்கு. இது ஆக்சிலேட்டர். கிளட்ச் எங்க மாப்ள?"

"ஆட்டோமேட்டிக் மாமா."

"கேக்குறதே ஒசந்ததாத்தான் கேக்குறீங்க!"ன்னு தட்டிக் குடுத்தாரு.

ரெண்டு கிலோமீட்டர்ல இருந்த வீட்டுக்கு நான் பன்னெண்டு கிலோமீட்டர் சுத்திப் போக ஆரம்பிச்சேன். அதுவும் வெறுங்காலோட. "செருப்பு போட்டுக்கிட்டா வேண்டுதல்?"னு அத்தை செருப்பக் கழட்டி வாங்கிப் பையில போட்டுக்கிட்டாங்க. ஸ்டியரிங்கக் கீழ எறக்கி வைக்கவும் கூடாதாம். நெஞ்சுக்கு நேரா ஏந்தணுமாம்.

பகல் வெயில் குடிச்ச தார் ரோடு. எனக்கு ஜெராக்ஸ் மெஷினத் தவிர வேற சூடு பழக்கம் இல்ல.

வழியெல்லாம் சேதி எனக்கு முன்னாடி போயிடுச்சு. ஒரு அம்மா ஸ்டியரிங்குக்கு விபூதி பூசினாங்க. இன்னொருத்தங்க குங்குமம் வெச்சாங்க. வேன் டிரைவருங்க நாலஞ்சு பேரு வரிசையா வந்து தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அதுல ஒருத்தரு, "எனக்கும் சொந்தமா ஒரு வண்டி அமையணும்னு வேண்டிக்கங்க சார்"னு கையப் புடிச்சுக்கிட்டாரு. பாவம், அவரு நெஜமாவே கேக்குறாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. சாமி சத்தியமா அவருக்காக மட்டும் மனசார வேண்டிக்கிட்டேன்.

அடி அண்ணாமலை தாண்டினதும் ஓரமா ஒரு மரம். கெளை பூரா மஞ்சத்துணித் தொட்டிலுங்க. அத்தை நின்னாங்க.

"கட்டிடுங்க மாப்ள."

"எத?"

"வேண்டுதல."

நாளைக்கு ரேஸ்! என் மிச்ச ஆயுசோட ஞாயித்துக்கிழமை மொத்தமும் இந்தக் கையில இருக்கு!

"அத்தை, வீட்ல சாமி ரூம்ல வெச்சு தெனமும் கும்பிடலாம்னு…"

"வேண்டிக்கிட்டத யாராச்சும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?"

சுத்தி நின்ன ஊர்க்காரங்க எல்லாம் 'அதானே'ங்கிற மாதிரி பாத்தாங்க. கயிறு இல்லன்னு சொல்லிப் பாத்தேன். மாமா தோள்ல இருந்த ஒயரக் காட்டினாரு. ஒயர் நீளமா இருக்கணும்னு நான்தானே கேட்டு வாங்கினேன்? நல்லா மூணு சுத்து சுத்தி முடிச்சே போட முடிஞ்சுது.

பெடலையாவது மிச்சம் பண்ணலாம்னு மெதுவா முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன். மாமா விடல.

"அதையும் சேத்துக் கட்டுங்க மாப்ள. அப்புறம் சாமி பிரேக் இல்லாத வண்டியாக் குடுத்துடப் போறாரு."

கட்டினேன். ஊர்க்காரங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் அழுதேன். பக்தின்னு நெனச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து சேர்ந்தப்ப என் கால் என்கிட்ட இல்ல. செல்வி எல்லாருக்கும் மோர் குடுத்தா. அத்தை நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம சொன்னாங்க. தோல் சுத்தின ஸ்டியரிங், ரெண்டு பெடல், நீள ஒயர், மரம்.

செல்வி என்னைப் பாத்தா. எங்கிட்ட கார் வாங்குற ஆசையே கெடையாதுன்னு அவளுக்குத் தெரியும். அந்த ஒயர் எந்தப் பெட்டியில சொருகுற ஒயர்னும் தெரியும். சிரிப்ப அடக்குறதுல அவ கன்னம் ரெண்டும் உப்பிடுச்சு. நான் கண்ணாலயே கெஞ்சினேன். காட்டிக் குடுத்துடாதடி தாயே!

காட்டிக் குடுக்கல. அத விட மோசமா ஒண்ணு பண்ணினா.

"ஆமாம்மா, என்கிட்ட முன்னாடியே சொன்னாரு. கார் வீட்டு வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியத் தொடுறதில்லன்னும் சேத்து வேண்டிக்கிட்டிருக்காரு."

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாங்க. என்னைத்தான்!

"இந்தக் காலத்துல இப்படி ஒரு கட்டுப்பாடா!"ன்னாரு மாமா.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. கால் வீங்கிப் போச்சுன்னு அத்தையும் மாமாவும் எங்க வீட்லயே தங்கிட்டாங்க. ஆட வரலைன்னா தோத்த கணக்கு. செல்வி உள்ள படுத்திருந்த அவங்ககிட்ட, "கடைக் கணக்கு பாக்குறேம்மா"ன்னு சொல்லிட்டு, பெட்டியப் போட்டு தனியா ரேஸ் விட்டா. மொதலாவதா வந்தா.

நான் அடுப்படியில நின்னு, நாலு பேருக்கும் சேத்துத் தேங்கா துருவிக்கிட்டிருந்தேன்.

ஸ்டியரிங் வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: பெடலப் பாருங்க, ஒயரப் பாருங்க, எல்லாத்துக்கும் முன்னாடி காலண்டரப் பாருங்க.