யானைக்குப் பத்தியம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பழைய கிடங்கின் முன்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும். சாதாரண வண்டிகள் அல்ல. முரட்டுச் சக்கரமும், மூக்கில் இரும்புக் கம்பியும், தலையில் கேரியருமாக, காட்டுக்குள் போய்ப் புலியைக் கைது செய்துகொண்டு வரும் தோரணையில் நிற்கும் வண்டிகள். உண்மையில் அவற்றில் முக்கால்வாசி, பால் பாக்கெட் வாங்கப் போய்வருகிறவை. வயதாகிவிட்டது. பெயின்ட் உதிர்ந்துவிட்டது. டீசல் குடிப்பது மட்டும் குறையவில்லை.

அந்த வரிசையில் ஒரு பல் மருத்துவர் நின்றார். ஒரு வங்கி மேலாளர் நின்றார். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். இவர்களை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு, கல்லூரியில் இயற்பியல் நடத்தும் மேதாவி ஒருவன் முன்னால் போய் நின்றான். அந்த மேதாவி வேறு யாருமில்லை, நான்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பகுத்தறிவாளன். மேடையும் ஒலிபெருக்கியும் கிடைத்தால் பேய், பில்லி, சூனியம் மூன்றையும் ஒரே மூச்சில் விரட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவேன். கைரேகை பார்ப்பவர் என்னைக் கண்டால் தன் கையை மூடிக்கொள்வார். அப்படிப்பட்ட நான் இந்த வரிசையில் எப்படி வந்தேன் என்றால், இது மூடநம்பிக்கை இல்லை, விஞ்ஞானம். அங்கே விற்ற டப்பாவின் மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

டப்பாவுக்குச் சொந்தக்காரர் மைலேஜ் டாக்டர். வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். வண்டியின் பானெட்டில் அதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். கூட்டம் மூச்சுவிடாது. பிறகு கண்ணைத் திறந்து வருத்தமாகத் தலையை ஆட்டுவார்.

“டீசலோட அணுவெல்லாம் உள்ள கும்பலா நிக்குது. ஒண்ணு மேல ஒண்ணு விழுது. அதுங்கள லைன்ல நிக்க வைக்கணும்.”

வெயிலில் மணிக்கணக்காக லைனில் நின்றுகொண்டிருந்த எங்களுக்கு இது உடனே புரிந்துவிட்டது. லைனில் நிற்க வைக்கும் மருந்து, சோப்புக் கட்டி அளவில் ஓர் இரும்புச் சிமிழ். பெயர் ‘அணுகாந்தச் சிமிழ்’. டீசல் குழாயின் மேல் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் வந்து போவது சின்னஞ்சிறு பேட்டரி ஸ்கூட்டரில். எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு எளிமை என்று நான் பலரிடம் சொல்லி வியந்திருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

என் வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர் யானை. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தது. பங்க்கில் இருப்பவர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விற்றுவிடலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், ஒருநாள் பாலைவனத்துக்குப் போவோம் என்பேன். அந்த ஒருநாளுக்காகக் கேரியரில் கூடாரம், மண்வெட்டி, கயிறு, இரண்டு காலி டீசல் கேன், பின்னால் பிடிமானத்துக்கு நான்கு மணல் மூட்டை. பாலைவனத்துக்கே மணல் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கென்று ஒரு லிவர் உண்டு. சேற்றிலும் மணலிலும் மட்டும் போட வேண்டியது. நான் அதைக் காய்கறிக் கடைக்குப் போகும்போதும் போட்டுவைத்திருப்பேன். ஒரு கம்பீரம்.

சிமிழ் வாங்கியதும் டாக்டர் பத்தியம் சொல்வார். மருந்து என்றால் பத்தியம் வேண்டாமா? அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் மொத்தமும் திருப்பிச் சொல்ல வேண்டும். வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அணுக்களுக்குத் தலைசுற்றும். டயரில் காற்றுக் குறையக் கூடாது, குறைந்தால் காந்தசக்தி தரை வழியாகக் கசிந்துவிடும். வேண்டாத பாரம் ஏற்றக் கூடாது, சக்தி நசுங்கும். கேரியர் கூடாது, சக்தி காற்றோடு போகும். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். நிற்கிற இடத்தில் என்ஜினை ஓடவிடக் கூடாது. தார்ச்சாலையில் நாலு சக்கர லிவரைத் தொடவே கூடாது, தொட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் சக்திக்காக அடித்துக்கொள்ளும். பத்தியம் தவறினால் சிமிழ் வேலை செய்யாது. அதற்கு டாக்டர் பொறுப்பில்லை.

நான் பயபக்தியோடு வீட்டுக்கு வந்தேன். கூடாரத்தை இறக்கினேன், மணலைக் கொட்டினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு டயருக்குச் சரியாகக் காற்றடித்தேன். கல்யாண ஊர்வலம் போல வண்டியை மெதுவாக ஓட்டினேன். சில வாரத்தில் யானை எட்டரை கொடுத்தது.

எட்டரை! என் கால் தரையில் படவில்லை. வகுப்பில் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதி, காந்தப்புலத்தில் டீசல் எப்படி ஒழுக்கமடைகிறது என்று விளக்கினேன். அந்தச் சமன்பாட்டை இதற்கு முன் யாரும் எழுதியதில்லை. எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. ஞாயிறுதோறும் கிடங்கில் பெட்டி மேல் ஏறி நின்று சாட்சி சொன்னேன். “சயின்ஸ் புரொபசரே சொல்றாரு” என்று டாக்டர் என் தோளில் கை போட்டார். எனக்கு மேடையும் ஒலிபெருக்கியும் கிடைத்துவிட்டால் எது பேசுகிறேன் என்பது முக்கியமில்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் வீட்டிலும் ஓர் அதிசயம் நடந்தது. சமையலறை இரும்பு அலமாரியின் மேல்கதவு மூடினால் நிற்காது. தானாகத் திறந்து என் நெற்றியைப் பதம் பார்க்கும். சரிசெய்யும்படி மனைவி சொல்லாத நாளில்லை, நான் சரியென்று சொல்லாத நாளுமில்லை. அது திடீரென்று ஒழுங்காக மூடிக்கொண்டு நின்றது. நல்ல காலம் வந்தால் கதவுகூடத் திருந்தும் என்று நினைத்துக்கொண்டேன். பகுத்தறிவாளன் நினைக்கிற நினைப்பா இது?

இதுவரை கேலிக்கூத்துதான். இனிமேல் சொல்வதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, என் யானையைப் போலவே ஒரு வண்டி வைத்திருக்கிறான். என்னுடையது ஜம்பம், அவனுடையது சோறு. சாலையே இல்லாத மலைக் குடியிருப்புகளுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போவான். நான் சொன்னேன் என்பதற்காக அவனும் சிமிழ் கட்டினான். அவன் வண்டி ஒரு சொட்டுக்கூட மிச்சம் பிடிக்கவில்லை. மலையேறுகிறவன் பாரம் ஏற்றாமல் இருப்பானா, சேற்றில் லிவர் போடாமல் இருப்பானா? டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறான். பத்தியம் முறித்த பாவி என்று அவர் அவனைக் கூட்டத்தின் நடுவே கடிந்துகொண்டு, பிறகு தனியே அழைத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஓட்டுவது அவனுக்கு ராசியில்லையாம், விற்பதுதான் ராசியாம். வண்டியைத் தன்னிடம் கொடுத்துவிட்டால், மலைப்பக்கம் முழுக்கச் சிமிழ் விற்கும் ஏஜென்சியை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

அவன் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கேட்டான். “மாமா, நீங்க படிச்சவரு. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா சாவியக் குடுத்துடுறேன்.”

“யோசிக்கவே யோசிக்காத மாப்ள. நான் பொறுப்பு,” என்றேன். யோசிக்காதே என்பது பகுத்தறிவாளன் வாயிலிருந்து வந்தது.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மருத்துவமனையில் உணவு ஆலோசகர் வேலை. யாருக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு உப்பு என்று சொல்கிற வேலை. அவள் சண்டை போடவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் அது நல்ல அறிகுறி அல்ல.

அந்த ஞாயிறு வந்தது. மைத்துனன் சாவியைக் கையில் பிடித்தபடி முன்வரிசையில் நின்றான். நான் பெட்டி மேல் ஏறி என் எட்டரையைப் பாடத் தொடங்கினேன். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு யானையின் பக்கம் போனாள்.

“ஏங்க, அந்தச் சிமிழ எல்லாருக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்.”

நான் பெருமையாக இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினேன். டீசல் குழாய் இருந்தது. அதன் மேல் சிமிழ் இல்லை. கழன்று விழுந்திருக்குமோ என்று வண்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

“கீழ தேடாதீங்க. நீங்க மாட்டின மூணாம் நாளே நான் கழட்டிட்டேன்.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “இவர் வண்டியில சிமிழ் இல்ல, பத்தியம் மட்டும் இருந்துச்சு. ஆறு குடுத்தது எட்டரை குடுத்துது. என் தம்பி வண்டியில சிமிழ் இருக்கு, பத்தியம் இல்ல. அது பழையபடியேதான் குடிக்குது. என்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான். ராத்திரிச் சாப்பாட்டப் பாதியாக் குறைச்சுட்டு, கூடவே ஏதோ ஒரு பொடியத் தண்ணியில கரைச்சுக் குடிப்பாங்க. எடை குறைஞ்சா பொடிய மெச்சுவாங்க. நீங்களே சொல்லுங்க, இதுல மருந்து எது?”

ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், அப்போதுதான் எதனால் என்ன நடந்தது என்று தெரியும். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளன்று நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. நான் டயரை, வேகத்தை, பாரத்தை, லிவரை, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, மாலையைக் கொண்டுபோய்ச் சிமிழின் கழுத்தில் போட்டிருக்கிறேன். பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையையும் உள்ளே விட்டு மூடிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

டாக்டர் அசரவில்லை. அவர் புன்னகையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. மூன்று நாளிலேயே வண்டி சக்தியை முழுதாக உறிஞ்சிக்கொண்டுவிட்டது, அதுதான் இந்தச் சிமிழின் பெருமை என்று அறிவித்தார். நம்ப மாட்டீர்கள், கூட்டம் கைதட்டியது. பல் மருத்துவர் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

மைத்துனன் மட்டும் தட்டவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். “மூணு நாள்ல உறிஞ்சிக்கும்னா, ஒரே சிமிழ ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் மாத்தி மாத்திக் கட்டிக்கலாமே டாக்டர்? அப்புறம் நான் ஏஜென்சி எடுத்து யாருக்கு விக்கிறது?”

கைதட்டல் நின்றது. மைத்துனன் தன் வண்டியிலிருந்து சிமிழைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரால் மூடியை நெம்பினான். திறந்தால் சக்தி பறந்துவிடும் என்று டாக்டர் அலறினார். பறந்தால் பறக்கட்டும் என்றான் அவன். உள்ளே உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரு துண்டு இருந்தது. மீதி, கனத்துக்காக ஊற்றிய சிமென்ட். அதைக் கையிலெடுத்து எல்லாரிடமும் காட்டினான்.

அதற்குள் டாக்டர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பேட்டரி வண்டி, சத்தமே வராது. டீசலே போடாதவரிடம் டீசலுக்கு மருந்து வாங்கினோமே என்பது அந்தப் புழுதியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எளிமையாம் எளிமை! ஓய்வுபெற்ற பொறியாளர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் துரத்தினார். மூச்சு வாங்கியதும் அதையே விரித்து உட்கார்ந்துகொண்டார்.

மைத்துனன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். “நீங்க சொன்னீங்கன்னுதான் மாமா...” என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அவன் சோற்றில் நான் மண் அள்ளிப் போட இருந்தேன், அதுவும் விஞ்ஞானத்தின் பெயரால். அவன் கையைப் பிடித்து, “தப்பு என்னோடது மாப்ள. இனிமே நான் சொன்னாலும் யோசி,” என்றேன். “நீங்க சொன்னா ரெண்டு தடவை யோசிக்கிறேன் மாமா,” என்றான். நியாயந்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் சிமிழ் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சமையலறை அலமாரியின் மேல்கதவைத் திறந்து காட்டினாள். கதவின் உட்புறம் ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது.

“இது இரும்ப இழுக்கும். இதுக்குத் தெரிஞ்ச வேலை அவ்வளவுதான். நீங்க செய்யாத வேலைய இது செஞ்சுது.”

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. போய்ப் பார்த்தால் பல் மருத்துவரும் வங்கி மேலாளரும் பணிவாக நின்றுகொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் சிமிழ். அலமாரி விஷயத்தை மைத்துனன் சொல்லிச் சிரித்தது அதற்குள் அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தால் தூரத்தில் நிற்கிற வண்டிக்குக்கூட வேலை செய்கிறதாமே, கதவு எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று காலைவரை நானும் அவர்கள் பக்கத்தில்தான் நின்றிருப்பேன், அதுவும் முண்டியடித்து, முதல் ஆளாக.

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். அது என்னை அந்தக் கிடங்குவரை இழுத்துப் போயிருக்கிறது என்றால், என் தலைக்குள் இருந்தது என்னவென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் தலையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் வருத்தப்பட வேண்டாம். தினமும் கொஞ்சம் யோசியுங்கள், அந்தத் துரு உதிர்ந்துவிடும். அதற்குப் பத்தியம் எதுவும் கிடையாது.