அரிசி மூட்டைக்குள் பேட்டரி

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவன் முதலில் தன் வீட்டைத்தான் கொளுத்துவான். நான் கொளுத்தியது ஒரு மூட்டை அரிசி.

சாதாரண அரிசி இல்லை. நெஞ்சுவலி வந்த பிறகு, மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இலஞ்சி வயலை அப்பா விற்றுவிட்டார். அதற்கு முன் அவர் கையால் விளைந்த கடைசி நெல்லை அரைத்து, தங்கச்சி கல்யாணப் பந்திக்கென்று மச்சில் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது தென்காசியில் பழைய பேட்டரிகளைச் சேகரித்து அனுப்புகிற வேலை. எரிக்காமல், எலுமிச்சையில் இருக்கிற அமிலத்தில் கரைத்து லித்தியத்தைப் பிரித்தெடுக்கிற கம்பெனி. “பொகையே கெடையாது அண்ணாச்சி” என்று செல்போன் கடை கடையாகப் பிரசங்கம் செய்தேன். (பாவம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.)

குற்றாலத்தில் சாரல் காலம். செல்போனோடு அருவியில் நின்ற புண்ணியவான்களால் ஒரு பை நிறைய நனைந்த பேட்டரி கிடைத்தது. ஈரத்தோடு அனுப்பக்கூடாது. நனைந்த போனை அரிசிக்குள் புதைத்தால் ஈரம் போகும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பேட்டரிக்கும் அதே வைத்தியம்தான் என்று முடிவுகட்டி, மச்சில் இருந்த அந்தப் பெரிய மூட்டைக்குள் புதைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா அலறினாள். “ஏலே, மச்சுல பொகையுதுலே!”

மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம். அப்பா கருகாத அரிசியைத் தேடி அள்ளப் போனார்.

“தொடாதீங்கப்பா, வெசம்” என்றேன். (படித்தவன் அல்லவா!)

“ஒரு பிடி கூடவா ஆவாதுலே?”

“ஆவாதுப்பா.”

ரெண்டு அறை விட்டிருந்தால் தேவலை. விடவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணப் பந்தியில், ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, “கடை அரிசிதான், பொறுத்துக்கிடுங்க” என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன ஐப்பசியில் அப்பா போய்விட்டார். வாய்க்கரிசி போட என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஒரு பிடி அள்ளினேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அண்ணே, உள்ள பேட்டரி கெடக்கான்னு பாத்துட்டுப் போடு” என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு துக்க வீடே சிரித்து அழுதது.

இப்போதும் புது அரிசிப் பை பிரித்தால் வீட்டில் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஊருக்கே சோறு போட்டவர் வாயில் நான் போட்டது கடை அரிசி.