‘டிக்’ என்றது கார்

கல்யாணமானவன் சும்மா இருக்க வேண்டும். நான் சும்மா இருக்கவில்லை. கார் எஞ்சினைப் பிரித்தேன்.

எஞ்சினில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு வீட்டில். என் மனைவி டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்! "இனிமே வண்டி நான்தான் ஓட்டுவேன்" என்றாள். என் செல்லக் காரின் கிளட்ச் கருகும் வாசனை எனக்கு அப்போதே அடித்தது. சாவி என் கையைவிட்டுப் போகக் கூடாது என்று சபதம் செய்துகொண்டு, "எஞ்சின்ல ஏதோ சத்தம்மா, பிரிச்சுப் பார்க்கணும்" என்று பவ்யமாகச் சொன்னேன்.

பிரித்தேன். மாட்ட மறந்தேன். பாகங்கள் வாசலில் தொடங்கி வீட்டுக்குள் குடியேறின.

"குக்கர் பக்கத்துல பிஸ்டன் உட்கார்ந்திருக்கு. எது விசிலடிக்கும்னே தெரியல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி ஓடலேன்னா பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவேன்!"

அலறியடித்து எல்லாவற்றையும் மாட்டி, ஞாயிறு காலை சாவியைத் திருகினேன்.

‘டிக்.’

"என்னங்க, கதவைச் சாத்தினீங்களா?"

"ஸ்டார்ட் பண்ணேன்."

"ஓ."

அந்த ‘ஓ’வுக்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

பேட்டரியைப் பார்த்தேன். ஹார்ன் ஊரையே கூப்பிட்டது. எஞ்சின் இறுகிவிட்டதோ என்று நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினேன். வெண்ணெயாய்ச் சுற்றியது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துத் தனியாகக் கரண்ட் கொடுத்தேன். தவளையாய்த் துள்ளியது. திரும்ப மாட்டினால், ‘டிக்’.

மாடிவீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, என்னதான் வியாதி?"

"தனித்தனியா எல்லாரும் தங்கம்ண்ணே. ஒண்ணா குடும்பம் நடத்தத்தான் மாட்டேங்குறாங்க."

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "யார் திருகி வண்டி கிளம்புதோ, சாவி அவங்களுக்கு. சம்மதமா?"

ஸ்பேனரை ஸ்பூன் என்று நினைக்கிறவள்! "சம்மதம். அண்ணன் சாட்சி."

அவள் நேராக வாசல் கேட்டுக்குப் போனாள். தாழ்ப்பாள் உடைந்த கேட்டைக் கட்டியிருந்த செப்புப் பட்டையை அவிழ்த்து எடுத்து வந்தாள்.

"இது எஞ்சினையும் பாடியையும் சேர்க்குற எர்த் பட்டை. இது இல்லாம ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் சரியாப் போகாது. கேட்டைக் கட்டினது நீங்கதான்."

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"உங்க லட்சணத்தை எங்க அக்காவுக்குக் காட்ட, நீங்க பிரிக்கப் பிரிக்க ஃபோட்டோ எடுத்தேன். நேத்து மறுபடி பார்த்துச் சிரிச்சோம். ஃபோட்டோவுல இருக்கு, வண்டியில இல்ல."

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நேத்து சொன்னா சாவி யார்கிட்ட இருந்திருக்கும்?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். இவள் என் ஸ்பேனரையே வாங்கி ரெண்டு போல்ட்டை முடுக்கினாள். உள்ளே உட்கார்ந்து திருகினாள். ஒரே திருகு. ‘விர்ர்ர்ரூம்!’ துரோகி! அத்தனை நாள் குளிப்பாட்டித் துடைத்தவன் நான்.

கிளட்ச்சும் கருகவில்லை. கார் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தோற்றாலும் சவாரியாவது மிஞ்சட்டும் என்று மறுபக்கக் கதவைத் திறக்கப் போனேன்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள். "பட்டையை எடுத்தாச்சுல்ல? நான் வர்ற வரைக்கும் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."