பேர் வெட்டிய மூன்று ஃபேன்கள்

நிறைய வாசிக்கிறவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. அவன் பொருளை வாங்க மாட்டான். பொருளைப் பற்றி ஓர் அபிப்பிராயத்தை வாங்கிக்கொண்டு வருவான். இதை என் மனைவி கோமதி பல வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டாள். கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. எழுதிவிட்டாலாவது தீருமா என்று பார்க்கிறேன்.

கோமதி கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறாள். அதற்காக அவள் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் தண்ணீரால் குளிர்கிற வகை. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மூன்று சின்ன ஃபேன்கள் ஊதி ஆற்றும். பக்கத்து வீடு தறிக்கூடம். அங்கிருந்து வரும் பஞ்சு சுற்றிச் சுற்றி, ஒருநாள் மூன்று ஃபேன்களும் முக்கத் தொடங்கின.

அது நடந்தது அவளுக்கு முதன்முதலாகப் பெரிய வேலை வந்திருந்த வாரம். ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற குடும்பம். மூன்று பெண்களில் மூத்தவள் கல்யாணம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு. அங்கே பெரிய திரையில் கல்யாணப் படம் ஓட வேண்டும். ஓடினால் மற்ற இரண்டு பெண்களின் கல்யாணமும் நம் கையில். ஓடாவிட்டால் நம் பெயரும் ஊருக்குத் தெரிந்த பெயராகிவிடும்.

"ரேடியேட்டருக்குன்னு கேளுங்க. காத்து நிறைய வருதான்னு பாக்காதீய, அழுத்தித் தள்ளுதான்னு பாருங்க" என்று சொல்லித்தான் திருநெல்வேலிக்கு அனுப்பினாள்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். நம் ஊரில் ஃபேன் வாங்குகிற முறை ஒன்று இருக்கிறதே: ஓடவிட்டு, அடியில் போய் நின்று, முடி பறக்கிறதா என்று பார்ப்பது. நான் ஓடவிடச் சொல்லி முகத்தை நீட்டினேன். அழுத்தித் தள்ளும் ஃபேன் ஏதோ முணுமுணுத்தது. மற்றது என் மூக்குக்கண்ணாடியை ஆட்டியது. (பருவக்காற்றுகளைப் பற்றித் தடித்தடியாக வாசித்தவனுக்குக் காற்றைப் பற்றி யார் சொல்லித் தருவது?) கண்ணாடியை ஆட்டியதையே மூன்று வாங்கினேன்.

அதோடு நின்றிருந்தால்கூட மாற்றியிருக்கலாம். ஆனால் எனக்கு நாள் குறித்து வைக்கும் வியாதி உண்டு. வீட்டுக்கு வரும் குடமோ தூக்குவாளியோ, பேரும் தேதியும் வெட்டாமல் வாசல் தாண்டாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பாத்திரக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இது பிளாஸ்டிக்குல்லா?" என்றார் பேர் வெட்டுகிறவர்.

"வெட்டும்வே."

வெட்டினார். மூன்றின் சட்டத்திலும் 'கோமதி', கீழே தேதி, அதன் கீழே தமிழ் மாதம்.

கோமதி அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். "என்னத்த வாங்கிட்டு வந்திருக்கீய? இது பொட்டிக்குள்ள சும்மா காத்து வாறதுக்கு மாட்டுறது. ரேடியேட்டர் தகடெல்லாம் சீப்பு மாதிரி நெருக்கமா இருக்கும். இது ஊதுனா மோதித் திரும்பிரும்." பிறகு சட்டத்தைப் பார்த்தாள். ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கடைக்கு ஃபோன் போட்டேன். "பேரு வெட்டின குடத்த எந்தக் கடையிலயாவது திருப்பி எடுப்பாவளா அண்ணாச்சி?" என்று கேட்டார் கடைக்காரர். நியாயமான கேள்வி.

வேறு வழியில்லாமல் அதையே மாட்டினாள். சனிக்கிழமை முழுக்க, தொகுத்த படத்தைத் திரையில் ஓடக்கூடிய கோப்பாக மாற்ற முயன்றதும், கம்ப்யூட்டர் சூடேறிப் பாதியிலேயே அணைந்ததும்தான் நடந்தது. ஞாயிறு காலை கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேனை வைத்தாள். வேலை மெதுவாக நகர்ந்தது. எங்களை ஏற்றிப்போக வேன் வந்தபோது கடைசிப் பகுதி பாக்கி. கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம்.

மண்டபம் அவியலாக அவிந்தது. மேடைக்குப் பின்னால் வைத்து மாற்றும் வேலையை மறுபடி ஓட்டினோம். டேபிள் ஃபேன் போதவில்லை. சூடு ஏறிக்கொண்டே போனது. "பெரிய ஃபேன் ஒண்ணு பாருங்க" என்றாள் கோமதி. பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, பக்கத்தில் ஆளுயர ஃபேன் ஒன்று அவருக்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்குக் காற்று எதற்கு என்று முடிவுசெய்து உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா என்பது எனக்குத் தெரியாது.

"ஏலே! இங்கன இருந்த ஃபேன எங்கலே? பொண்ணு வீட்டுக்காரன் காத்தக்கூடப் புடுங்கிட்டுப் போயிட்டானா?"

பெண்ணின் அப்பா ஓடினார். எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டார். பெரியப்பா ஃபேனின் வயரைப் பிடித்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"வே, இந்தப் பொட்டி என்ன மாப்பிள்ளையா? இதுக்கு எதுக்குவே காத்து?"

நான் ரேடியேட்டரின் தத்துவத்தை விளக்க வாயைத் திறந்தேன். கோமதி முந்திக்கொண்டாள். "பெரியப்பா, உங்க வீட்டுக் கல்யாணம் முழுசும் இதுக்குள்ளதான் இருக்கு. தாலி கட்டுறது இப்பதான் ஏறுது. காத்த நிப்பாட்டுனா தாலி கட்டாமலே படம் முடிஞ்சிரும்."

அவர் வயரை விட்டுவிட்டார். நாற்காலியை வரவழைத்து, ஃபேனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தார். "தாலி ஏறிருச்சா மக்கா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, யார் கிட்டே வந்தாலும் "மறைக்காதலே" என்று விரட்டினார். என்னைத்தான் அதிகம் விரட்டினார்.

படம் ஓடியது. தாலி கட்டும் இடத்தில் மண்டபமே கைதட்டியது. பெரியப்பா ஏதோ தானே கட்டியதுபோல எழுந்து நின்றார். மற்ற இரண்டு கல்யாணங்களும் கோமதிக்கு வந்தன.

இரண்டாவது பெண்ணின் கல்யாணத்தில் நான் உள்ளே நுழைந்ததுமே பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, பக்கத்து ஃபேனைத் தம் நாற்காலியோடு இறுக்கி முடிச்சுப் போட்டார். "உம்ம மூஞ்சியப் பாத்ததும் கட்டிட்டேன்வே" என்றார். அதிலிருந்து அந்தக் குடும்பத்து விசேஷங்களில் அது ஒரு சடங்கு. மூன்றாவது பெண்ணின் கல்யாணத்துக்குள் அவருக்குக் கண் சரியாகத் தெரியாமல் போய்விட்டது. தப்பித்தேன் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண் பந்தியிலிருந்து கத்தினாள்:

"பெரியப்பா, துண்டு!"